பதினேழு பேரின் பச்சைப் பல்

கூடாரத்தின் வாசல் துணியை இழுத்து மூடினார்கள். வெளியே பகல் பதினொரு மணி வெயில், உள்ளே கும்மிருட்டு. சோப்பு வாசனையும், ஈரத் தலைகளின் வாசனையும், தரையில் விரித்த தார்ப்பாயின் சூட்டு வாசனையும் ஒன்றாக அடித்தன.

சென்னையிலிருந்து வந்திருந்த அதிகாரி அம்மாவின் கையில் ஓர் ஊதா விளக்கு. வரிசையாகப் பதினேழு ஆண்கள், குளித்து முடித்து உலர்ந்த லுங்கியோடு நின்றார்கள். காலையில் அவர்கள் மேல் ஒரு பொடியைத் தூவியிருந்தார்கள். சும்மா பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. ஊதா வெளிச்சம் பட்டால் பச்சையாக மின்னும். அந்தப் பொடிதான் அன்றைக்கு எங்களுக்கு விஷம். அதைத் துளி மிச்சமில்லாமல் கழுவி எடுத்தோமா என்பதுதான் பரீட்சை.

விளக்கு ஒவ்வொருவராகத் தலையில் தொடங்கிக் கால்வரை இறங்கியது. காதுக்குப் பின்னால், அக்குளில், நகக்கண்ணில். எங்கும் பச்சை இல்லை.

அதிகாரி அம்மா பேனாவைத் திறந்தார். எங்கள் நிலைய அலுவலர் மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. அப்போது எங்கள் வண்டி ஓட்டுநர் சாதிக் பாய், சும்மா இருக்க முடியாமல், “இன்னாங்கடா, எல்லாரும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளன்னு நிக்கிறீங்க” என்றார்.

பதினேழு பேரும் சிரித்தார்கள்.

இருட்டில் பதினேழு வரிசைப் பற்கள் பச்சைப் பசேலென்று மின்னின.

ஏன் இதை எழுதுகிறேன்

கயல், பாபு, போன வாரம் பத்திரிகையில் வந்த என் ஏணிக் கதையைப் படித்துவிட்டு நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறை சொன்னீர்கள். “அப்பா, எல்லாத்துலயும் நீங்களே ஜெயிக்கிறீங்க” என்றாள் கயல். பாபுவும் அதற்குத் தலையாட்டினான். அதனால் இந்த வாரம் நான் தோற்ற கதை. முழுசாகத் தோற்றேனா என்பதைக் கடைசியில் நீங்களே சொல்லுங்கள்.

மற்ற வீட்டுப் பிள்ளைகளும் படிப்பதால் ஒரு வார்த்தை. நான் ஆம்பூர்ப் பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தில் முன்னணி தீயணைப்போர். பத்தாவதோடு படிப்பு முடிந்தது. எழுத்தில் பிழை இருந்தால் பத்திரிகைக்காரர்கள் திருத்திக்கொள்வார்கள். நடந்ததில் பிழை இருந்தால் அது என்னுடையது.

எங்கள் ஊரில் நெருப்பை விட எனக்குப் பயம், நெருப்புக்குப் பக்கத்தில் இருக்கும் மூட்டைகள்தான். தோல் பதனிடும் டேனரிகளில் முடி உதிர்க்க ஒன்று, ஊறவைக்க ஒன்று, சாயத்துக்கு ஒன்று என்று விதவிதமான ரசாயனம் இருக்கும். எல்லாவற்றுக்கும் தொழிலாளிகள் வைத்திருக்கும் பெயர் ‘மருந்து’. முறையாகக் கையாண்டால் அது மருந்துதான். தண்ணீரும் நெருப்பும் சேர்ந்து குழப்பினால் வேறு மாதிரி ஆகிவிடும்.

ஊர்க்காரர்களுக்கு அந்த நெடி பழகிப்போனது. வெளியூர் உறவுக்காரர் பேருந்திலிருந்து இறங்கியதும் மூக்கைப் பிடிப்பார். நாம் “என்ன வாசனை?” என்று கேட்போம். பழகிப்போனதுதான் ஆபத்தே. பழகியதை யாரும் கவனிப்பதில்லை.

ஒரு கன்னம்

கயல், நீ அப்போது பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாய். உனக்கு ஒரு வழக்கம் இருந்தது. நான் டூட்டி முடிந்து வந்தால் வாசலிலேயே ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொள்வாய். உன் உயரத்துக்கு என் தொடைதான் எட்டும். கன்னத்தை அதில் வைத்து அழுத்திக்கொண்டு, “அப்பா, இன்னிக்கு எவ்ளோ பெரிய தீ?” என்று கேட்பாய்.

அன்றைக்கு ஒரு டேனரியின் பின்கொட்டகையில் தீ. பெரிய தீ இல்லை. அணைத்த பிறகு நனையாத மூட்டைகளைத் தூக்கி வெளியே போட்டோம். ஒரு மூட்டை கிழிந்திருந்தது. மஞ்சள் செதில் கொஞ்சம் என் பேண்ட்டில் கொட்டியது. கையால் தட்டிவிட்டேன். அப்போதைக்கு எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அதே பேண்ட்டோடு வீட்டுக்கு வந்தேன். நீ ஓடி வந்தாய்.

கொஞ்ச நேரத்தில் கன்னம் எரிகிறது என்று அழுதாய். உங்கம்மாதான் முதலில் என் பேண்ட்டைப் பார்த்தாள். உன்னைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாயடியில் உட்காரவைத்து, குடம் குடமாக ஊற்றினாள். யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர், “உடனே நல்லா தண்ணி விட்டீங்க, பொழைச்சுது” என்றார். ஆறிவிட்டது. இடது கன்னத்தில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு தழும்பு மட்டும் மிச்சம். அதை மச்சம் என்று பள்ளியில் சொல்லி வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

எத்தனையோ வீடுகளிலிருந்து ஆபத்தை வெளியே எடுத்துப் போட்டவன் நான். என் வீட்டுக்குள் அதை நானே சுமந்துகொண்டு வந்தேன்.

சோகமாகப் போகிறதே என்று பார்க்காதீர்கள். இதோ கூடாரம் வருகிறது.

குளியல் டிரெயினிங்

சில வருஷம் கழித்து அரசாங்கம் எங்கள் நிலையத்துக்கு ஒரு பயிற்சிக்குப் பணம் ஒதுக்கியது. காகிதத்தில் அதன் பெயர், ‘அபாயகரமான வேதிப்பொருள் மாசு நீக்கப் பயிற்சி’. நிலையத்தில் எல்லாரும் அதைக் குளியல் டிரெயினிங் என்றோம்.

அரசாங்கப் பணம் என்றால் எங்கோ மரத்தில் காய்க்கிறது என்று நினைக்காதீர்கள். நீங்கள் கடையில் வாங்கும் செருப்பிலும் பிஸ்கட்டிலும் ஒரு துளி வரியாகப் போகிறது. அப்படி ஊரெல்லாம் சேர்ந்து போட்டதில் ஒரு கை அள்ளி, “இந்தா, உன் ஜனத்தைக் கழுவக் கற்றுக்கொள்” என்று எங்களிடம் கொடுத்தார்கள். நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன்.

ஆறு பேர் வெளியூர் போய்க் கற்று வந்தோம். நெருப்புக்காரனுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லித்தர வேண்டுமா என்று சாதிக் பாய் கேலி செய்தார். வேண்டியிருந்தது. எங்கள் பழக்கம் பீய்ச்சி அடிப்பது. இங்கே பீய்ச்சினால் விஷம் தோலுக்குள் இறங்கும், பக்கத்து ஆள் மேல் தெறிக்கும். மழை மாதிரி நிறைய விழ வேண்டும், வேகம் கம்மியாக. அதற்கும் முன்னால் துணியைக் கழற்ற வேண்டும். ஆபத்தில் பெரும்பகுதி துணியோடு போய்விடும்.

கழுவிய தண்ணீரையும் ஓடவிடக் கூடாது. அடியில் பெரிய ரப்பர் தொட்டி வைத்துப் பிடிக்க வேண்டும். ஒத்திகைக்கு வந்த முனுசாமி அண்ணன், முப்பது வருஷமாக டேனரியில் வேலை பார்ப்பவர், அந்தத் தொட்டியை ரொம்ப நேரம் பார்த்தார். “பாலாத்துக்குப் போவாத தண்ணிய இப்பத்தான்பா பாக்கறேன்” என்றார்.

கூடாரமும் வந்து சேர்ந்தது. ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள், நடுவில் தடுப்பு, மேலே பூவாளிக் குழாய்கள். ஆனால் அது முழுக்க எங்களுடையது ஆகவில்லை. ஒரு வருஷத்துக்குத்தான் சோதனையாகக் கொடுத்திருந்தார்கள். ஆய்வு நாளில் நன்றாகச் செய்து காட்டினால் பணமும் பயிற்சியும் வருஷா வருஷம் தொடரும், கூடாரமும் இங்கேயே இருக்கும். இல்லையென்றால் கூடாரத்தை மடித்து வேறு மாவட்டத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

எனக்கு அந்தக் கூடாரம் வேண்டும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கன்னம்தான் ஞாபகம் வரும்.

துணியைக் கழற்ற மாட்டோம்

முதல் ஒத்திகையிலேயே பேஜார் ஆனது. நாங்கள் போய்ப் படித்துவிட்டு வந்ததில் ஒரு விஷயம் இல்லை. எங்கள் ஊர் ஆட்கள் நாலு பேர் நடுவில் துணியைக் கழற்ற மாட்டார்கள்.

விபத்தில் சிக்கியவர்களாக நடிக்க வந்த பதினேழு டேனரி ஆட்களும் சட்டைவரை வந்தார்கள். பேண்ட் என்றதும் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் கூடாரத்தின் அடிப்பக்கமாகத் தவழ்ந்து வெளியே போய்விட்டார். டீக்கடையில் போய்த்தான் அவரைப் பிடித்தோம்.

பெண்கள் பக்கம் இன்னும் கறார். பக்கத்து ஷூ கம்பெனியிலிருந்து ஒன்பது பேர் வந்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி ஷமீம் ஆப்பா. ஆப்பா என்றால் அக்கா. தையல் பிரிவின் சூப்பர்வைசர். நாற்பது மிஷின் ஓடும் சத்தத்தில் பேசிப் பழகிய குரல்.

“தண்ணி எவ்ளோ வேணா ஊத்துங்க, நிக்கிறோம். எங்க வரிப்பணம், நல்லா தேய்ச்சே குளிப்பாட்டுங்க. ஆனா மறைப்பு இல்லாம ஒரு துணி கழலாது. நாளைக்கு நெஜமாவே மருந்து கொட்டினாலும் கழலாது. இப்பவே சொல்லிட்டேன்.”

அவர் சொன்னது மிரட்டல் இல்லை. உண்மை. நிஜ விபத்தில் ஒரு பெண் வெட்கத்தில் அரை மணி நேரம் அதே துணியோடு நின்றால், எங்கள் கூடாரமும் குழாயும் எதற்கு?

பெண்களுக்கு ஷமீம் ஆப்பாவே வழி கண்டுபிடித்தார். கழுத்திலிருந்து கால்வரை வரும் பெரிய பாவாடை, மேலே நாடா. கீழிருந்து காலை விட்டு ஏற்றி, கழுத்தில் கட்டிவிட்டு, உள்ளே இருப்பதைக் கழற்றிக் கீழே நழுவவிடுவது. அவரே ஒன்பது தைத்துக்கொண்டு வந்தார்.

ஆண்களுக்கு நான் வழி சொன்னேன். லுங்கி! பம்புசெட்டில் குளிக்கிற எந்த ஆணும் லுங்கிக்குள்ளேயே துணி மாற்றுவான். மூட்டிய லுங்கியைக் கீழிருந்து ஏற்றிக்கொண்டால் தலை வழியாக எதையும் மாட்ட வேண்டாம், முகத்தில் விஷம் படாது. நிலைய அலுவலர் என் முதுகில் தட்டினார். “ஏழுமலை, நீ படிக்காம போனது டிபார்ட்மென்ட்டுக்கு லாபம்பா” என்றார். அது பாராட்டா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஒரு சிக்கல். ஒதுக்கிய பணத்தில் என்னென்ன வாங்கலாம் என்று ஒரு பட்டியல் உண்டு. முகமூடி உண்டு, ரப்பர் பூட்ஸ் உண்டு, லுங்கி கிடையாது. தீயணைப்பு நிலையம் எதற்கு லுங்கி வாங்கியது என்று தணிக்கையில் கேட்பார்கள். அதனால் அவரவர் வீட்டிலிருந்து கொண்டு வந்தோம். கட்டம் போட்டது, பூப்போட்டது, சாயம் போனது. உங்கம்மாவுக்குத் தெரியாமல் நான் ஐந்து எடுத்துப் போனேன்.

ஒத்திகைகள் பிரமாதமாக நடந்தன. பொடியும் ஊதா விளக்கும் மட்டும் அதிகாரிகள் கையில் இருந்தன. ஆய்வு நாளில்தான் அவை வரும்.

கை ரெண்டுதானே

இப்போது மறுபடி இருட்டுக் கூடாரத்துக்கு வாருங்கள்.

அதிகாரி அம்மா பேனாவை மூடினார். விளக்கை முனுசாமி அண்ணன் வாயருகே கொண்டுபோனார். உதடு, பல், நாக்கு நுனி எல்லாம் பச்சை.

“வாய்க்குள்ள எப்படிப் போச்சு?”

யாரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் இன்னும் மின்னும்.

“கேக்கறேன்ல. எப்படிப் போச்சு?”

முனுசாமி அண்ணன்தான் சொன்னார். “கை ரெண்டுதானே மேடம். ஒண்ணு சட்டைக்கு, ஒண்ணு பேண்ட்டுக்கு. அப்ப லுங்கிய யாரு புடிப்பா? பல்லுலதான் கடிச்சிக்குவோம்.”

என் தலையில் யாரோ குடத்தோடு ஊற்றிய மாதிரி இருந்தது. பொடி அப்பிய கையால் லுங்கியின் விளிம்பைச் சுருட்டி, வாயில் கொடுத்து, பல்லால் கடித்துக்கொண்டு, உள்ளே துணி மாற்றியிருக்கிறார்கள். பதினேழு பேரும். நாங்கள் ஆறு பேரும் முகமூடிக் கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொண்டேதான் நின்றோம். ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஏனென்றால் நானும் அப்படித்தான் மாற்றுவேன். என் அப்பாவும் அப்படித்தான் மாற்றினார். லுங்கி என்றால் பல் என்பது கையும் காலும் மாதிரி.

ஊர் நெடி மூக்குக்குப் பழகிய மாதிரி, இது கண்ணுக்குப் பழகியிருந்தது.

“நெஜ மருந்தா இருந்தா, சுத்தமா குளிச்சு, தலை சீவி, பதினேழு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பீங்க” என்றார் அதிகாரி அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் உறைத்தது.

பெண்கள் பக்கம் போய்ப் பார்த்தார். ஷமீம் ஆப்பாவும் எட்டுப் பேரும் வாயைத் திறந்து காட்டினார்கள். ஒரு புள்ளி பச்சை இல்லை. நாடா கட்டியவர்களுக்குப் பல் எதற்கு?

அதிகாரி அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். சாயங்காலம் காட்பாடியில் அவருக்கு ரயில்.

“மூணு மணிக்கு ஆம்பளைங்க பக்கம் மறுபடி பண்ணிக் காட்டுங்க. சரியா வந்தா எழுதறேன். வரலைன்னா, இந்தக் கூடாரம் வேற ஊருக்கு. அங்கயும் ஜனங்க இருக்காங்க.”

சாப்பாட்டு நேரம்

நிலைய அலுவலர் அதிகாரிகளைச் சாப்பிட அழைத்துக்கொண்டு போனார். போகும்போது என்னைப் பார்த்த பார்வையில், “உன் லுங்கிதானே” என்று எழுதியிருந்தது.

நான் தார்ப்பாய் மேல் உட்கார்ந்துவிட்டேன். வாயில் வைக்காதீர்கள் என்று பதினேழு பேருக்கும் சொல்லிவிடலாம். மூன்று மணிக்கு ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். ஆனால் நிஜ விபத்தில், மருந்து எரியும்போது, பயத்தில், எந்த ஆளுக்கு ஞாபகம் வரும்? கை தன்னால் வாய்க்குத்தான் போகும். பரீட்சையில் பாஸாகி விபத்தில் ஃபெயிலாவதற்கு நான் எதற்கு?

ஷமீம் ஆப்பா என் முன்னால் வந்து நின்றார்.

“இன்னா ஏழுமலை, துக்க வீட்டுல உக்காந்த மாதிரி உக்காந்துட்ட? லுங்கிக்கு நாடா போட்டா தீர்ந்துச்சு.”

“நாடாவுக்கு இப்ப எங்க போறது ஆப்பா?”

அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். பிறகு கையை நீட்டிப் பக்கத்து மதிலைக் காட்டினார். அது ஷூ கம்பெனியின் மதில்.

“ஷூ ஊர்ல பொறந்துட்டு லேஸுக்கு அழறியே.”

அடுத்த முக்கால் மணி நேரம் மாதிரி ஒன்றை நான் எந்தத் தீ விபத்திலும் பார்த்ததில்லை. காலையில் கட்டிய லுங்கிகள் எல்லாம் பொடியும் ஈரமும், மாற்று லுங்கிகள் ஆட்கள் இடுப்பில். புதிதாகப் பதினேழு வேண்டும். சாதிக் பாய் தன் மொபெட்டை எடுத்துக்கொண்டு குடியிருப்புக்குப் பறந்தார். வீடு வீடாகக் கதவைத் தட்டி, கொடியில் காய்ந்தது, பெட்டியில் மடித்தது, ஒரு வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் போர்த்தியிருந்தது வரை உருவிக்கொண்டு வந்தார்.

பின்னாலேயே உங்கம்மா ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் துணி மூட்டை. மேலாக, பொங்கலுக்கு எடுத்து ஸ்டிக்கர் கூடக் கிழிக்காத என் புது லுங்கி.

“ஒரு வருஷமா டிரெயினிங் டிரெயினிங்னு அலைஞ்சீங்க. ஒரு நாடா கட்டத் தெரியலையா?” என்றாள், எல்லார் முன்னாலும். சாதிக் பாய் அதை இன்றைக்கும் மாதம் ஒரு முறை சொல்லிக்காட்டுகிறார்.

ஷமீம் ஆப்பா மேனேஜரிடம் என்ன சொன்னாரோ தெரியாது, சாப்பாட்டு இடைவேளையில் மிஷின்களைக் கொடுத்துவிட்டார். எட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஷூவின் மேல்தோலைத் தைக்கிற மிஷின், கனத்த நூல். லுங்கியின் விளிம்பை மடித்து ஒரு ஓட்டு ஓட்டினால் வெண்ணெயில் கத்தி போன மாதிரி போனது. உங்கம்மா ஊக்கில் லேஸைக் கோர்த்து அந்த மடிப்பு வழியாக ஓட்டினாள். கழித்துப் போட்ட லேஸ்கள்தான். கறுப்பு, வெள்ளை, பழுப்பு, ஒன்றிரண்டு பிள்ளைகள் ஷூவுக்கான ரோஸ். முனுசாமி அண்ணன் ரோஸ் வேண்டாம் என்று தகராறு செய்தார். கடைசியில் ரோஸ்தான் அவருக்கு வந்தது.

நான் வெளியே ஆண்களை நிற்கவைத்து முறையை மாற்றினேன். இனி ஆள் தன் கையால் லுங்கியைத் தொடவே வேண்டாம். பாதுகாப்பு உடை போட்ட எங்கள் ஆள் கீழே விரித்துப் பிடிப்பான். இவர் இரண்டு காலையும் உள்ளே வைப்பார். எங்கள் ஆளே கழுத்துவரை ஏற்றி, ஷூவுக்குப் போடுகிற முடிச்சாகப் போட்டுவிடுவான். அதற்கப்புறம் இவருக்கு இரண்டு கையும் உள்ளே சும்மா. பல்லுக்கு வேலையே இல்லை.

“வாய் சும்மா இருந்தா பாட்டு பாடலாமா?” என்றார் ஒருவர்.

“மூடிக்கினு இருந்தா போதும்” என்றார் சாதிக் பாய்.

ஈ காட்டுங்க

மூன்று மணிக்கு அதிகாரி அம்மா வந்தார். நன்றாகச் சாப்பிட்டிருந்த முகம். ஆனால் பொடி தூவியதில் கருணை இல்லை. சட்டைக் காலர், உள்ளங்கை, மீசை என்று பார்த்துப் பார்த்துத் தூவினார்.

சங்கு ஊதியது. பதினேழு பேரும் அலறிக்கொண்டு ஓடி வந்தார்கள். அலறல் வேண்டாம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. விரித்தோம், ஏற்றினோம், கட்டினோம். துணிகள் கீழே நழுவின. மழை மாதிரி தண்ணீர் விழுந்தது. நெற்றி, காது, கழுத்து. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி முகத்தை நானே கழுவினேன். முகமூடிக்குள் என் வியர்வை கண்ணில் இறங்கியது. பதினேழாவது ஆள் மறுபக்கம் வெளியே போனதும்தான் நிமிர்ந்தேன்.

மறுபடி வாசல் துணியை மூடினார்கள். மறுபடி இருட்டு.

விளக்கு தலையிலிருந்து காலுக்குப் போனது. சுத்தம்.

“எல்லாரும் ஈ காட்டுங்க.”

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போனேன். பச்சை இல்லை. பதினாறுவரை பச்சை இல்லை. பதினேழாவது முனுசாமி அண்ணன். வாயைத் திறக்கவில்லை.

“அண்ணா, திறங்க” என்றேன்.

தலையை ஆட்டினார்.

நிலைய அலுவலர் கண்ணை மூடிக்கொண்டார். மறுபடியும் கடித்துவிட்டாரா? கூடாரம் மடிவது, லாரியில் ஏறுவது, ரோட்டில் திரும்புவது எல்லாம் கண்ணுக்குள் ஓடியது.

“பெரியவரே, திறங்க” என்றார் அதிகாரி அம்மா.

மெதுவாகத் திறந்தார். விளக்கு உள்ளே போனது. பச்சை இல்லை. வாய் நிறைய ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. யாரோ வாசல் துணியை விலக்கினார்கள். வெளிச்சத்தில் பார்த்தால் செக்கச் செவேல்.

“வெத்தலை மேடம்” என்றார், துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல். “சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டது. திறந்தா திட்டுவீங்கன்னு…”

அதிகாரி அம்மா திட்டத்தான் செய்தார். பயிற்சி நேரத்தில் வாயில் எதுவும் இருக்கக் கூடாது என்று எல்லாருக்கும் சேர்த்து ஐந்து நிமிஷம் திட்டினார். அது நியாயம். பிறகு திரும்பி நின்று சிரித்ததை நான் பார்த்தேன்.

பட்டியலில் ஒரு வரி

கிளம்பும் முன் என்னைக் கூப்பிட்டார். ரோஸ் லேஸ் போட்ட லுங்கியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது பட்டியல்ல இருக்கணும். எல்லா ஊருக்கும் வேணும். ஆனா லுங்கின்னு எழுதினா மேல இருந்து கேள்வி வரும். இதுக்கு இன்னா பேரு வெக்கலாம்?”

உங்கம்மாதான் பின்னாலிருந்து, “மறைப்புத் துணின்னு எழுதுங்க. அதுதானே அதோட வேலை” என்றாள்.

சில வாரம் கழித்துக் கடிதம் வந்தது. பயிற்சி தொடரும். கூடாரம் இங்கேயே இருக்கும். பக்கத்து மாவட்ட நிலையங்களும் இங்கே வந்து கற்றுக்கொள்ள வேண்டும். இணைப்பில் வாங்கும் பொருள்களின் புதுப் பட்டியல். முகமூடிக்கும் ரப்பர் பூட்ஸுக்கும் நடுவில் ஒரு வரி: ‘கழுத்து நாடாவுடன் கூடிய மறைப்புத் துணி.’ நிலைய அலுவலர் அதை எல்லாருக்கும் இரண்டு முறை படித்துக் காட்டினார். அந்தப் பட்டியலின் ஒரு நகலை ஷமீம் ஆப்பா தன் மிஷின் மேல் ஒட்டி வைத்திருக்கிறார்.

இப்போது வெளியூர் ஆட்கள் பயிற்சிக்கு வந்தால் முதல் பாடத்தை முனுசாமி அண்ணன்தான் எடுக்கிறார். கையைத் தூக்கி, “கை ரெண்டுதான்” என்று தொடங்குவார்.

பட்டியலில் இல்லாத இன்னொரு பொருளும் உண்டு. இந்தக் கதையைக் கேட்ட அன்றைக்குக் கயல் சாதிக் பாயிடம் ஒரு விளக்கு கேட்டாள். கடைக்காரர்கள் கள்ள நோட்டு பார்க்க வைத்திருக்கிற சின்ன ஊதா விளக்கு, சாவிக்கொத்தில் மாட்டுவது. அவர் பஜாரில் வாங்கிக்கொடுத்தார். நிஜ மருந்து அதில் மின்னாது என்று நான் சொன்னேன். அவளுக்கும் அது தெரியும்.

இப்போதெல்லாம் நான் நிலையத்திலேயே கழுவி, உடை மாற்றி, செருப்பையும் மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வருகிறேன். ஆறாவது படிக்கிற பெண் முன்பு மாதிரி ஓடி வருவதில்லை. கேட்டுக்கு உள்ளேயே விளக்கோடு நிற்கிறாள். தம்பி பாபு பின்னால் நிற்கிறான்.

“அப்பா, ஈ காட்டுங்க.”

தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்கள். பரவாயில்லை. நான் ஈ காட்டுகிறேன். ஊதா வெளிச்சம் என் பல்லில் ஓடும், பிறகு கையில், பேண்ட்டில். ரொம்ப நேரம் பார்ப்பாள். திருப்தியானதும் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டைத் திறப்பாள்.

இப்போது என் தோள்வரை வளர்ந்துவிட்டாள். அந்தத் துவரம்பருப்புக் கன்னம் இப்போது என் சட்டைப் பையில் வந்து அழுந்துகிறது.

“இன்னிக்கு எவ்ளோ பெரிய தீ?” என்கிறாள்.